டர்பன் சரிவில் கண்ணுக்கு இதமான தோட்டம்

“என்ன செடி வைக்கலாம்?” என்றுதான் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். “தோட்டத்தை எங்கிருந்து பார்ப்பீர்கள்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு அது விநோதமான கேள்வியாகப் படுகிறது. ஆனால் அதற்குப் பதில் கிடைக்காமல் நான் மண்ணில் கை வைப்பதில்லை.

கும்பகோணம் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். இந்தியர்கள் நிறைந்த புறநகரான சாட்ஸ்வொர்த்திலும் அதைச் சுற்றிய இடங்களிலும் வீட்டுத் தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். இங்குள்ள வீடுகளில் தோட்டத்துக்குள் போய் நிற்கிற நேரம் குறைவு. பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னல், காலையில் தேநீர் குடிக்கிற படி, மாடியில் படுக்கையறை ஜன்னல் என்று இரண்டு மூன்று இடங்களிலிருந்துதான் ஆண்டு முழுவதும் அதைப் பார்க்கிறோம். தோட்டம் அழகாக இருக்கிறதா இல்லையா என்பது அந்த இடங்களிலிருந்துதான் தீர்மானமாகிறது. வாசலில் நிற்கும் விருந்தாளிக்கு அழகாகவும் அடுக்களையில் நிற்பவருக்கு வெறும் சுவராகவும் தெரிகிற தோட்டத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே, அந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், அல்லது வழக்கமாக நிற்பதுபோல் நில்லுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். பக்கத்து வீட்டுத் துணிக்கொடி, குப்பைத் தொட்டி, மின்கம்பம், கான்கிரீட் பலகைகளை அடுக்கிய பிரீகாஸ்ட் சுவர் எல்லாம் ஒரு பக்கம். எதிர்க் குன்றின் பச்சை, பக்கத்து வீட்டு மாமரம், வானம் தெளிந்த நாளில் தெரியும் கடலின் ஒரு கீற்று இவை மறு பக்கம். முதல் பட்டியலில் இருப்பவற்றை மறைக்க வேண்டும். இரண்டாவதில் இருப்பவற்றுக்கு வழி விட வேண்டும். பக்கத்து வீட்டு மாமரம் உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்திருக்கும் பின்னணி. அதன் முன்னால் உயரமான எதையும் வைத்துவிடாதீர்கள்.

மறைப்பதற்கு வேலியோரம் வரிசையாக மரம் வைப்பதுதான் வழக்கம். அது இடத்தைச் சிறிதாக்குகிறது, வளர ஆண்டுகளும் ஆகிறது. மறைக்கும் செடி கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு குட்டையாக இருந்தால் போதும். 20 மீட்டர் தொலைவில் 6 மீட்டர் உயரக் கம்பம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தின் பக்கத்தில் நட்டால் 6 மீட்டர் மரம் வேண்டும். ஜன்னலிலிருந்து 3 மீட்டரில் நட்டால், தரை மட்டம் ஒன்றாக இருக்கும் வரை, இரண்டேகால் மீட்டர் உயரப் புதரே அதை முழுதாக மறைத்துவிடும். ஒருவர் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நகர, நீங்கள் ஜன்னலில் நின்று “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்று சொன்னால், அரை மணி நேரத்தில் இடம் முடிவாகிவிடும்.

வெயில் வடக்கிலிருந்து வருகிறது

ஊரிலிருந்து வரும் தோட்டப் புத்தகங்களையும் வாஸ்துப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு திசை பார்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர். நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. ஆனால் செடிக்கு வெயில்தான் முக்கியம். டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. சூரியன் நண்பகலில் எப்போதும் வடக்கில்தான் நிற்கும். டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். ஜூனில் அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகைக்கு மேல் ஏறாது.

இதன் விளைவு இதுதான். 2 மீட்டர் உயரச் சுவர், ஜூன் மாத நண்பகலில் தன் தெற்குப் பக்கம் ஏறத்தாழ 2.7 மீட்டர் தூரத்துக்கு நிழலை வீழ்த்தும். மாடி வீடென்றால், அதன் தெற்கே உள்ள சிறிய முற்றம் முழுவதும் குளிர்காலத்தில் வெயிலையே காணாது. அதே இடம் டிசம்பரில் சுள்ளென்று காயும். இந்த இரண்டையும் தாங்கும் செடி மட்டுமே அங்கே நிற்கும். இங்கே பலர் வீட்டின் தெற்குச் சுவரோரம் ரோஜா வைத்து, ஒவ்வொரு குளிர்காலமும் அது மெலிவதைப் பார்த்து உரம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு வேண்டியது வெயில். அங்கே உரத்துக்கு வேலை இல்லை.

நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ள ஜூன் வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. சுவரின் உயரத்தை அளந்து ஒன்றேகாலால் பெருக்கி, அதற்குமேல் ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். சுவரின் தெற்கே அந்தத் தூரத்தில் ஒரு முளை அடியுங்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது நிழல் விரும்பும் செடிகளின் இடம், வெளியே இருப்பது பூச்செடிகளின் இடம்.

மாதமும் தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது காவிரிக் கரைக்குச் சரி. இங்கே ஆடி, வறண்ட குளிர்காலம். டர்பனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை. மரமும் புதரும் நடுவதற்கு நல்ல காலம் புரட்டாசி, ஐப்பசி. வேர் பிடிக்கும் வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

சரிவு

டர்பனில் தோட்டம் போடுவதென்றால் பாதி வேலை சரிவோடுதான். சாட்ஸ்வொர்த் 1960களில் எழுந்த ஊர். நிறவெறி அரசு கொண்டுவந்த 1950இன் குடியிருப்புப் பகுதிகள் சட்டத்தால் தங்கள் வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காகக் குன்றுகளை வெட்டி வீடுகளைக் கட்டினார்கள். குன்றை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறு பக்கம் கொட்டிச் சமன் செய்து கட்டிய வீடுகள்தான் பெரும்பாலும். அதனால் ஒரே வீட்டில் மேல்பக்கம் உயிரில்லாத அடிமண்ணும், கீழ்ப்பக்கம் கல்லும் செங்கல் துண்டும் கலந்த தளர்ந்த மண்ணும் இருக்கும். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும், ஒப்பந்தம் முடிந்தபின் டர்பனைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டு நகரத்துக்கே சோறு போட்டவர்கள். அந்தக் கைகளுக்கு இப்படிப்பட்ட மண்ணைக் கொடுத்தார்கள். அதிலும் கறிவேப்பிலையும் முருங்கையும் வாழையும் வளர்த்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டாகிறது.

சரிவில் முதல் கேள்வி தண்ணீர். 2022 ஏப்ரலில் பெய்த மழையில், டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். சரிவுகள் சரிந்து வீடுகள் போயின. அழகுக்காகக் கரையைச் செங்குத்தாக வெட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் அந்த வேலையை ஏற்பதில்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் எந்தத் தாங்குசுவரையும் பொறியாளர் பார்க்காமல் கட்டாதீர்கள். பலத்த மழை பெய்கிற நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். நின்ற இடத்திலேயே ஒரு காகிதத்தில் அம்புக்குறி போடுங்கள். தோட்டத்தின் வரைபடம் அந்த அம்புக்குறிகளின்மேல்தான் எழ வேண்டும்.

ஒரே உயரச் சுவராக எழுப்புவதைவிடத் தாழ்ந்த இரண்டு மூன்று படிக்கட்டுத் தளங்களாகப் பிரிப்பது பாதுகாப்பு, கண்ணுக்கும் நல்லது. ஒவ்வொரு தளமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டாம். வீட்டை ஒட்டிய தளத்தை அகலமாக வைத்து, கீழே போகப்போகக் குறுக்குங்கள். மேலிருந்து பார்க்கும்போது தோட்டம் உள்ளதைவிட நீளமாகத் தெரியும். சரிவின் கீழே வீடும் மேலே தோட்டமும் இருந்தால், கண்ணுக்கு முதலில் படுவது சுவரின் முகம்தான். செடிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை அங்கே அந்தச் சுவருக்கே கொடுங்கள்.

டர்பன் முழுவதும் பார்க்கிறோமே, லோஃபல்ஸ்டைன் என்கிற கான்கிரீட் கட்டைகளால் அடுக்கிய சாம்பல் நிறச் சுவர், அதைத் திட்டுபவர்கள் பலர். நான் திட்டமாட்டேன். ஒவ்வொரு கட்டையிலும் மண் நிரப்ப ஒரு குழி இருக்கிறது. அதில் எதையும் நடாமல் விடுவதால்தான் களை மண்டி அசிங்கமாகிறது. குழி மண் விரைவில் காய்ந்துவிடும், ஆகவே தண்ணீர் கேட்கும் செடி அங்கே கூடாது. சுவர் முழுவதும் இரண்டே வகை நடுங்கள். வெயில் பக்கம் என்றால் புல்பைனும் சிறு கற்றாழையும். நிழல் பக்கம் என்றால் நரிவால் போல் நீளும் அஸ்பாரகஸ், கூடவே கற்பூரவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த பிளெக்ட்ராந்தஸ். பத்து வகை வைத்தால் சுவர் பல்லிளிக்கும். இரண்டு வகை வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் சுவர் இருந்த இடம் தெரியாது.

சுவரே கட்டாத வெறும் மண் சரிவுக்கு என் முதல் தேர்வு வெட்டிவேர். சரிவுக்குக் குறுக்கே, மட்டத்துக்கு ஒரு கோடு இழுத்து, அரைச் சாணுக்கு ஒரு தூறு வீதம் நெருக்கமாக நட வேண்டும். வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். மேலிருந்து வரும் மண் அந்த வரிசையில் தங்கி, சில ஆண்டுகளில் தானாகவே ஒரு தளம் உருவாகும். பின் அந்தத் தளத்தில் அகபாந்தஸ் வைக்கலாம். அதன் தடித்த வேர்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். டிசம்பரை ஒட்டி நீலக் குடைகள் சரிவு முழுவதும் நிற்கும்.

படி கட்டும்போது உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம், கால் வைக்கும் இடம் 35 முதல் 40 வரை இருக்கட்டும். வீட்டுக்குள் உள்ள படியின் அளவை அப்படியே வெளியே போட்டால் வயதானவர்கள் தோட்டத்துக்கே இறங்க மாட்டார்கள். முக்கியமான பாதைக்கு 1.2 மீட்டர் அகலம். இருவர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்க அது வேண்டும்.

வெற்றிடத்தை முதலில் வரையுங்கள்

அழகான தோட்டத்தில் செடி இல்லாத இடத்துக்கு ஒரு தெளிவான வடிவம் இருக்கும். புல்வெளியோ, கூட்டிப் பெருக்கிய முற்றமோ, கல் பாவிய இடமோ, எதுவானாலும் முதலில் அதன் வடிவத்தை முடிவு செய்யுங்கள். மிச்சம் இருப்பதுதான் செடிப் பாத்தி. பெரும்பாலோர் பாத்தியை முதலில் வரைந்து, மிச்சத்தைப் புல்லுக்கு விடுகிறார்கள். அதனால்தான் புல் கிழிந்த துணி மாதிரி கிடக்கிறது.

வட்டம், நீள்சதுரம், முட்டை வடிவம், இவற்றில் ஒன்று போதும். தண்ணீர் விடும் குழாயைத் தரையில் போட்டு வடிவம் செய்யுங்கள். வெயிலில் சூடான குழாய் நன்றாக வளையும், காலையில் முரண்டு பிடிக்கும். பிறகு மாடிக்குப் போய்ப் பாருங்கள், இறங்கி வந்து திருத்துங்கள், மறுபடி மாடிக்குப் போங்கள். மனம் நிறைந்ததும் அதன்மேல் கோலமாவைத் தூவிக் கோடாக்குங்கள். வளைவுகள் நீண்டு மெதுவாகத் திரும்பட்டும். இரண்டடிக்கு ஒரு நெளிவு இருந்தால் புல்வெட்டும் இயந்திரம் போகாது, கண்ணும் ஓய்வதில்லை.

பாத்தியின் அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. சுவரோரம் அரை மீட்டர் பாத்தியில் எந்தச் செடியும் ஒற்றை வரிசையாகத்தான் நிற்கும், பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி. பின்னால் உயரமும் முன்னால் தாழ்வுமாக மூன்று அடுக்கு வர வேண்டுமானால் ஒன்றரை மீட்டராவது வேண்டும். சுற்றிலும் குறுகலான பாத்தி நான்கு வைப்பதைவிட ஒரு பக்கம் இரண்டரை மீட்டர் பாத்தி ஒன்று வைத்து, மற்றப் பக்கங்களைப் புல்லோடு விட்டுவிடலாம்.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலுக்குக் கிக்குயூ, ஆனால் அது பாத்திக்குள் ஊர்ந்துகொண்டே இருக்கும். மர நிழலுக்கு எல்.எம். புல். லோரென்சோ மார்க்கெஸ் என்று பழைய பெயர் கொண்ட மபுட்டோ நகரத்தின் முதலெழுத்துகள் அவை. மாமரத்தடியில் வேறெந்தப் புல்லும் வராது என்று கைவிட்டவர்களுக்கு இது நல்ல தீர்வு.

இலைதான் குடும்பம், பூ விருந்தாளி

பூவைப் பார்த்துச் செடி வாங்குகிறோம். ஆனால் ஒரு செடி ஆண்டில் ஆறு வாரமோ எட்டு வாரமோ பூக்கும். மீதி நாட்களில் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே இலையின் வடிவத்தை வைத்துத்தான் நான் செடி சேர்க்கிறேன். அகன்ற இலை, வாள் போன்ற இலை, பொடி இலை என்று மூன்றும் ஒரே பார்வையில் விழுந்தால் பூவே இல்லாவிட்டாலும் தோட்டம் நிறைந்திருக்கும். நிறத்தை மறைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கைப்பேசியில் தோட்டத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பல் கூழாகத் தெரிந்தால் இலை வகை போதவில்லை என்று பொருள்.

அகன்ற இலைக்கு இந்த மண்ணின் காட்டு வாழை இருக்கிறது, ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாய். காற்று அடிக்க அடிக்க இலை நரம்பு வழியே கிழிந்து கிழிந்து சீப்பு மாதிரி ஆகும். மாலை வெயில் அதற்குப் பின்னால் இருந்தால் ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாக ஒளிரும். ஆனால் அது பெரும் தூறாகப் பரவிச் சுவரைப் பிளந்துவிடும். வீட்டிலிருந்தும் சுற்றுச்சுவரிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி இடம் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். அதன் தங்கை ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே, சொர்க்கப் பறவைப் பூ என்று நாம் சொல்வது, மார்பு உயரத்தோடு நின்றுவிடும். சின்னத் தோட்டத்துக்கு அதுதான் சரி. குளிர்காலம் முழுவதும் பூக்கும். தேன்சிட்டு அந்த நீல நாக்கின்மேல் உட்காருவதை ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

வாள் இலைக்கு டயட்டீஸ் என்கிற காட்டு ஐரிஸ். வெயிலோ அரை நிழலோ, வறட்சியோ மழையோ, எதற்கும் கலங்காது. பொடி இலைக்கு நீலக் கொடிவேலி. வானத்தின் வெளிர்நீலம் அப்படியே அதில் இருக்கும். கையெட்டும் உயரத்தில் வெட்டிவிட்டால் நல்ல வேலி. முள்வேலி வேண்டுமென்றால் இங்கே ஜூலு மக்கள் அமத்துங்குலு என்று சொல்லும் செடியைப் பாருங்கள். நம் களாக்காயின் நெருங்கிய உறவு. வெள்ளை நட்சத்திரப் பூவில் மணம், சிவந்த பழத்தில் இனிப்பு, கிளையில் கவட்டை முள். கடல் உப்புக் காற்றையும் தாங்கும். திருடன் தாண்டமாட்டான். சுருள்கம்பிக்குச் செலவு செய்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

நிழலுக்கு வருவோம். சாட்ஸ்வொர்த்தின் வெஸ்ட்கிளிஃபில் ஓர் ஆயா வீட்டில் பெரிய மாமரம், அதன் அடியில் வெறும் தூசி. பேரப்பிள்ளைகள் சிமெண்ட் போட்டுவிடலாம் என்று நின்றார்கள். “வேரை மூடினால் மரத்துக்கு மூச்சு முட்டாதா, அம்மா?” என்று ஆயா என்னிடம் கேட்டார். “முட்டும் ஆயா, போடவிடாதீர்கள்” என்றேன். மாமரத்தின் வேர்களைக் கொத்தக்கூடாது. மேலே ஒரு கூடை மண் கொட்டி உயர்த்தவும் கூடாது, அதுவும் வேருக்கு ஆபத்து. கைக்கொத்தால் வேருக்கும் வேருக்கும் இடையிலுள்ள சந்துகளைத் தொட்டுத் தேடி, ஒவ்வொரு சந்திலும் ஒரு கிளைவியா வைத்தோம். பெரிய செடி நுழையாது, ஆகவே சிறிய கன்றுகளாக வாங்கினோம். கைப்பிடி மட்கிய இலை, ஒரு குவளைத் தண்ணீர், அவ்வளவுதான். கிளைவியாவின் வேர் சதைப்பற்றானது. ஈரம் தேங்கினால் அழுகும், காய்ந்தால் பொறுத்துக்கொள்ளும். மாமரத்தடி அதற்கு ஏற்ற வீடு. மாவிலைச் சருகை அள்ளிக் குப்பையில் போடாமல் அங்கேயே பரப்பச் சொன்னேன். ஆகஸ்டு, செப்டம்பரில் அந்த இருட்டில் செம்மஞ்சள் பூக்கள் விளக்கேற்றியது போல் எழும்.

இவற்றைத் தோட்டத்துக்கு ஒன்றாக வாங்கித் தூவாதீர்கள். ஒரே செடியில் ஐந்தோ ஏழோ சேர்ந்து ஒரு திட்டு. அந்தத் திட்டு தோட்டத்தில் மூன்று இடங்களில் திரும்ப வரட்டும். கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகும், தோட்டம் ஒரே பேச்சாக இருக்கும்.

எந்தச் செடி எந்த மாதம் என்று ஓரளவு தெரிந்துகொண்டால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும்படி செய்யலாம். மே முதல் ஜூலை வரை கற்றாழைகள், அதன்பின் கிளைவியா, கோடையில் அகபாந்தஸ், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிளெக்ட்ராந்தஸின் ஊதாக் கதிர்கள். புத்தகத்தைவிட நல்ல வழி, 1849இல் தொடங்கிய டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு பருவத்திலும் ஒரு முறை போய் வருவது. ஆப்பிரிக்காவில் இன்றும் இயங்கும் தாவரவியல் பூங்காக்களில் மிகப் பழையது அதுதான். பெரிய மரங்களின் அடியில் அவர்கள் எதை எதோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். சாட்ஸ்வொர்த்திலேயே சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்தில் மூலிகைச் செடிகளுக்கு ஒரு நாற்றங்கால் இருக்கிறது. உள்ளூர்ச் செடிகளை நேரில் தெரிந்துகொள்ள நல்ல இடம்.

பூசைக்கான செடிகள்

நம் வீடுகளில் முன்பக்கத்திலேயே சிறு கோயில் கட்டி, அருகில் துளசி வைத்திருப்பார்கள். இதைத் தோட்டத்தின் ஒரு மூலைக்குத் தள்ளாதீர்கள். பாதை அங்கே போய் முடியட்டும். கோயிலுக்குப் பின்னால் அடர்ந்த ஒரே பச்சையாக இருக்க வேண்டும், பல நிறப் பூக்கள் அங்கே வேண்டாம். வண்ணம் தீட்டிய சுதையும் மஞ்சளும் குங்குமமும் சிவப்புத் துணியும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. பின்னால் செம்பருத்தியும் சாமந்தியும் போட்டிபோட்டால் சாமி கண்ணுக்குப் படாது.

மாலைக்கான பூவுக்குத் தனிப் பாத்தி வையுங்கள், பின்பக்கம், வெயிலில், அடுக்களைக் கதவுக்கு அருகில். தினமும் பறிக்கிற பாத்தி காட்சிக்கு உகந்ததல்ல, பறித்தபின் மொட்டையாகத்தான் நிற்கும். துலுக்கச் சாமந்தி விதைத்து எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கும். தீபாவளிக்கு வேண்டுமானால் ஆகஸ்டு நடுவில் தட்டில் விதையுங்கள், தைப்பூசத்துக்கு வேண்டுமானால் நவம்பரில். மல்லிகைக்கு இந்த மண்ணிலேயே ஓர் உறவு உண்டு, ஜாஸ்மினம் மல்டிபார்ட்டிட்டம். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை, இரவில் நல்ல மணம். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஒரு கம்பியில் ஏற்றிவிடுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2014இல் வந்து 2020இல் புதுப்பிக்கப்பட்ட விதிகள், பரவி நாசம் செய்யும் அயல் செடிகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. அதில் அரளி இருக்கிறது (விதை பிடிக்காத வகைகளுக்கு விலக்கு), மஞ்சள் அரளி இருக்கிறது, உண்ணிச்செடி இருக்கிறது, மஞ்சள் மணிப்பூவான டெகோமா ஸ்டான்ஸ் இருக்கிறது. மாரியம்மன் பூசைக்குப் பலர் வேப்பிலைக்குப் பதிலாகப் பறிக்கும், வேம்பின் உறவான சிரிங்காவும் இருக்கிறது. இவற்றைப் புதிதாக நடக்கூடாது, விற்கக்கூடாது. ஏற்கெனவே நிற்பதைப் பற்றி வகைக்கு வகை விதி மாறும், நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். சாமிக்குரிய பூ என்று மனம் தயங்குவது எனக்குப் புரிகிறது, எனக்கும் அரளி மாலை பிடிக்கும். ஆனால் இந்த நாட்டின் ஆற்றங்கரைகளில் உண்ணிச்செடி என்ன செய்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. சிவப்பு வேண்டுமானால் செம்பருத்தி, மஞ்சள் வேண்டுமானால் சாமந்தி. அம்மன் ஏற்றுக்கொள்வாள்.

சுவர், தொட்டி, குரங்கு

பிரீகாஸ்ட் சுவருக்கு வெள்ளை அடிக்காதீர்கள். டர்பன் வெயிலில் அது கண்ணைக் கூசச் செய்து, முன்னால் இருக்கும் செடியைக் கறுப்பு நிழலாக்கிவிடும். கரும்பச்சையோ கரிச்சாம்பலோ அடித்தால் சுவர் பின்வாங்கும், இலை முன்னால் வரும். ஒரு வாளி சாயத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் வேறெதிலும் கிடைக்காது.

குழாயில் தண்ணீர் நிற்கும் நாட்கள் இங்கே வாழ்க்கையின் பகுதியாகிவிட்டன. மழைநீரைப் பிடித்து வைக்க ஒரு ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1000 லிட்டர் இறங்கும். தொட்டியை ஜன்னலில் நிற்பவர் கண்ணில் படாதபடி வீட்டின் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பச்சை நிறத் தொட்டியைவிட மண் நிறத் தொட்டி கண்ணை உறுத்தாது. பிளாஸ்டிக்கின் பச்சை எந்த இலையோடும் சேர்வதில்லை. மட்கிய சருகை நான்கு விரல் கனத்துக்குப் பாத்தியில் பரப்பினால் தண்ணீர்த் தேவை வெகுவாகக் குறையும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், பட்டை அழுகும்.

வேர்வெட் குரங்குகள் இருக்கும் தெருவில் பழமரத்தை வீட்டுக் கூரையிலிருந்து தள்ளி வையுங்கள். கூரையிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து ஜன்னலுக்கும் அவை தாவும்போது மிதிபடுவது உங்கள் பாத்திதான். அவை வழக்கமாக இறங்கி வரும் வழியில் மெல்லிய தண்டுள்ள எதையும் நடாதீர்கள். கற்றாழையும் டயட்டீஸும் அங்கே நிற்கட்டும்.

பணம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர் வடியும் வழி, அடுத்து சரிவைத் தாங்கும் வேலை, பிறகு பாதையும் படியும், அதன்பின் ஒரே ஒரு மரம். புதர்களையும் சிறு செடிகளையும் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அகபாந்தஸ், டயட்டீஸ், கிளைவியா எல்லாம் தூறு பிரித்து நடக்கூடியவை. பக்கத்து வீட்டில், கோயில் வளாகத்தில், உறவினர் தோட்டத்தில் பூத்து முடிந்த சமயத்தில் கேட்டால் தயங்காமல் மண்வெட்டியோடு வந்து பிளந்து கொடுப்பார்கள். இலையைப் பாதிக்கு வெட்டிவிட்டு அன்றே நடுங்கள்.

சரிவின் அடியில், எவ்வளவு வடித்தாலும் ஈரம் நிற்கும் ஓர் இடம் எல்லா வீட்டிலும் இருக்கும். அங்கே மடும்பே வையுங்கள், நம் சேம்பு. அந்த அகன்ற இலைக்கு ஈடான அலங்காரச் செடி எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. கிழங்கு சமையலுக்கு, இலை அதில் மாவு தடவிச் சுருட்டிச் செய்யும் பூரிபத்தாவுக்கு. இலை பறிக்கும்போது ஒரு செடியில் வெளி இலை ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள், நடுவில் சுருண்டிருக்கும் குருத்தையும் அதை ஒட்டிய இரண்டு இலைகளையும் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் வேறு செடியில் பறிக்கலாம்.